காசல்ரீ வரை முப்பது நிமிடம்

பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது எல்லாவற்றையும் வினோதா நிரப்பிவிட்டாள். எடை என்ற கட்டத்துக்கு வந்ததும் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தாள். ஹெலிகாப்டர்காரர்களுக்கு ஆள் எத்தனை கிலோ என்று தெரிய வேண்டுமாம். குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாதாம். என் வீட்டுக்காரர் இராமையா சத்தமில்லாமல் சிரித்தார். முப்பத்தொரு வருசம் எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து, நாங்கள் பறித்து வரும் கொழுந்தை நாளைக்கு மூன்று தடவை நிறுத்து எழுதியவர் அவர். அவர் எத்தனை கிலோ என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் போய் இந்த மாசியோடு ஒரு வருசம் ஆகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

வினோதா எங்கள் மகள். நுவரெலியாவில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். அந்த வருசத்தின் சிறந்த ஊழியர் என்று அவளைத் தெரிந்தெடுத்து, பரிசாக ஹெலிகாப்டர் சுற்றுலாவில் இரண்டு இருக்கைகள் கொடுத்திருந்தார்கள். வீட்டு ஆட்கள் யாரையும் அனுப்பலாம். சித்திரை சீசனில் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் போய் அவளோடு இரண்டு நாள் தங்கி, ஒரு நாள் பறந்துவிட்டு வர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். நான் மாட்டேன் என்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். கதிர்காமத்துக்குப் போய்வந்ததைத் தவிர எனக்கு லீவு, பயணம் என்று ஒன்றும் பழக்கமில்லை. வானத்தில் போய் என்ன பார்க்கப் போகிறேன், ஹெலிகாப்டர் கதவை அடைக்க மறந்துவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

சுற்றுகள் மூன்று. வினோதா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதலாவது நுவரெலியா நகரமும் ஏரியும், பத்து நிமிடம். இரண்டாவது நீர்வீழ்ச்சிச் சுற்று, இருபது நிமிடம். படம் எடுக்க அதுதான் நல்லது, வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள் என்றாள். மூன்றாவது காசல்ரீ நீர்த்தேக்கம் வரை போய், சிவனொளிபாதமலையைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவது, முப்பது நிமிடம். மேகம் அடைத்தால் பாதியில் திரும்பிவிடுவார்களாம். வரைபடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறத்தில் கோடு போட்டிருந்தது. மூன்றாவது கோடு நானுஓயா, தலவாக்கலை, திம்புள்ள வழியாக இறங்கி, நோர்வூட்டுக்கு மேலே வளைந்தது. அந்த வளைவில் விரலை வைத்தேன்.

"இது நம்ம தோட்டத்துக்கு மேலயா போகுது?"

வினோதா படத்தைப் பெரிதாக்கினாள். அவள் அப்பா எழுந்து வாசலுக்குப் போய், மழை வருமா என்று பார்ப்பவர் மாதிரி நின்றார். தன் அண்ணனைப் பற்றி அவள் வீட்டில் பேசுவதே கிடையாது. அன்றைக்கும் பேசவில்லை. நீர்வீழ்ச்சிப் படங்களை மூடிவிட்டு மூன்றாவதை அழுத்தினாள்.

அதற்கு ஒன்பது வருசம் முன்னால் எங்கள் மகன் நிரஞ்சனுக்குப் பத்தொன்பது வயது. தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை முடித்து, காலையில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தான். நான்கு நாள் மழைக்குப் பிறகு வெளித்திருந்த காலை அது. பத்து மணிக்கு நான் எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மலை என்று நாங்கள் சொல்வது தேயிலை நட்ட ஒரு பகுதியை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஏழாம் நம்பர் மலை இறங்கி வந்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தை மூடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உள்ளே இருந்த ஆறு பேரில் நான்கு பேரை எடுத்தார்கள். நிரஞ்சனையும், கோடிக் காம்பரா வீட்டில் இருந்த மூக்கன் மாமாவையும் எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. யாரோ பெரியவர்கள் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் பெண்கள் பதினைந்து பேர் மண்விளிம்பில் நின்று, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்து ஆட்டினோம். இறங்குவார்கள் என்று நினைத்தோம். இரண்டு வட்டம் சுற்றிவிட்டுப் போய்விட்டது. மறுநாள், இனித் தோண்டினால் மேல்மண்ணும் இறங்கும் என்று வேலையை நிறுத்தினார்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். எங்களுக்கு மேற்பிரிவில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

ஒன்பது வருசமாக நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் மேலேயிருந்து என்னத்தைப் பார்த்தார்கள்? எங்களைக் கண்டும் போனார்களா, காணாமல் போனார்களா? சோறு வடிக்கும்போது கேட்பேன். கோயிலிலிருந்து திரும்பும் வழியில் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் புதிதாகக் கேட்பவர் போலக் கேட்டுவிட்டு ஒரே பதிலைச் சொல்வார்.

"அவ்ளோ ஒசரத்துலருந்து மனுசன் தெரிய மாட்டான் பூரணி. தேயிலச் செடியும் நாமளும் ஒன்னாத்தான் தெரிவோம். தெரிஞ்சிருந்தா எறங்கியிருப்பாங்க."

அவர் வாழ்நாளில் ஹெலிகாப்டரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இருவரும் ஒன்பது வருசம் ஓட்டினோம்.

எடைக்கு வருகிறேன். தோட்டத்து மருந்துக்கூடத்தில் இருந்த மெஷின் பழுதாகிக் கிடந்தது. நம்ம மடுவம் எதற்கு இருக்கிறது என்றார் அவர். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மறுநாள் பகல் நிறுவை நேரத்தில் இரண்டு பேரும் போனோம். அவருக்குப் பிறகு வந்த கணக்கப்பிள்ளை தர்ஷன் மரியாதையாக எழுந்து இடம் விட்டான். கூரையிலிருந்து தொங்கும் தராசுதான், பெரிய கடிகாரம் மாதிரி முகம் வைத்தது. அதன் கொக்கியில் ஒரு படங்கை ஊஞ்சல் போலக் கட்டினார். கொழுந்து மூட்டையோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அதில் நாகலெட்சுமியும் இருந்தாள். என்னோடு ஒரே நிரையில் இருபது வருசம் கொழுந்து பறித்தவள், வாய் அடங்காதவள்.

"கணக்கப்புள்ள ஐயா, சம்சாரத்துக்கும் தண்ணி கழிப்பீங்களா?"

மடுவம் முழுவதும் சிரித்தது. கொழுந்தில் உள்ள ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் நான்கு கிலோ கழித்து எழுதுவது எங்கள் தோட்டத்து வழக்கம். காய்கிற வெயிலிலும் கழிப்பார்கள். அதற்காக அவரோடு சண்டை போடாத பெண் அங்கே இல்லை. நான் வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போடாமல் இருந்த நாளும் உண்டு. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுநாளும் நான்கு கிலோ கழிப்பார். தன் சம்சாரம் என்று எனக்கு ஒரு கிலோகூட விட்டுக்கொடுத்தது கிடையாது.

"இவகிட்ட கழிக்க என்னா இருக்கு, காஞ்ச குச்சி" என்றார்.

படங்கில் உட்கார்ந்து காலைத் தூக்கினேன். மடுவத்தின் தகரக்கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. முள் ஆடி நின்றதும், "நாப்பத்தேழு" என்று பழைய குரலில் கூவி, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து, கழுத்தை வளைத்து முள்ளைப் பார்த்து, "அறுவது" என்றார். தர்ஷனை அவர் கிட்டவே விடவில்லை. நாகலெட்சுமி என்னைத் தனியாக இழுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு மேலே வருவோம் என்று விசாரித்தாள். வியாழக்கிழமை பத்து மணி போல என்றேன். அன்றைக்கு எட்டாம் நம்பர் மலையில்தான் தங்களுக்கு வேலை, அங்கேயிருந்து பார்ப்போம் என்றாள். எட்டாம் நம்பர், வேலிக்கு அடுத்தது.

வியாழக்கிழமை வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் அது நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது, ஒரு முச்சக்கர வண்டிக்கு இறக்கை கட்டினாற்போல. விமானி போக மூன்று பேருக்கு இடம். மூன்றாவது இருக்கை தனியாக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு. நல்ல உயரமும் பருமனுமான ஆள். பெரிய கமராவை மார்பில் தொங்கவிட்டு எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். மேசையில் இருந்த பெண் எங்களை ஒவ்வொருவராக ஒரு பலகைத் தராசில் நிற்கச் சொன்னாள். நான் நின்றேன், அவர் நின்றார், வெள்ளைக்காரர் நின்றார். அவள் காகிதத்தைப் பார்த்தாள். எங்கள் இருவரை மட்டும் மறுபடியும் நிற்கச் சொன்னாள்.

விமானி வந்து சிங்களத்தில் அமைதியாக விளக்கினார். எழுதிக் கொடுத்ததைவிட நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பத்துக் கிலோ அதிகம் இருக்கிறீர்கள். இந்த உயரத்தில் காற்று மெலிசு, கணக்குக்கு மேல் ஏற்ற முடியாது. எண்ணெயைக் குறைத்தால் மூன்று பேரும் போகலாம், ஆனால் நீர்வீழ்ச்சிச் சுற்றுதான் முடியும். காசல்ரீ போவதென்றால் ஒருவர் நிற்க வேண்டும். வெள்ளைக்காரர் தன் எடையைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார். ஓட்டல் உடுப்போடு ஓடி வந்த வினோதாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்பா சரியாகத்தானே நிறுத்தீர்கள் என்று கேட்டாள்.

அவர் கோட்டுப் பையிலிருந்து அந்தத் துண்டுக் கடதாசியை எடுத்துப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கோட்டும் சப்பாத்தும் ஒரு கிலோ இரண்டு கிலோ இருக்கலாம். மீதி எட்டும் எங்கே போனது என்று எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

"கழிச்சிட்டேன் பூரணி" என்றார். "ரெண்டு பேருக்கும். கை தானா கழிச்சிருச்சு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் சிரித்திருப்பேன், இல்லையென்றால் முப்பத்தொரு வருசத்துக்கும் சேர்த்து ஏசியிருப்பேன். அன்றைக்கு இரண்டும் வரவில்லை. அந்தப் பயணத்துக்கென்று முதல் நாளே கோட்டை அயன் பண்ணி, முகம் வழித்து, இருக்கிற நாலு முடிக்கும் எண்ணெய் வைத்து வந்திருந்தார். நிரஞ்சன் அவருக்கும் மகன்தான். நீர்வீழ்ச்சிச் சுற்று என்றால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். அதற்கும் சரி என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. நான் சொல்வதற்குள் அவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டார்.

"நீ போ. அவன எங்கனு தேடாத, அது தெரியாது. ஆளுங்க தெரியுறாங்களானு மட்டும் பாத்துட்டு வா."

அப்படியானால் ஒன்பது வருசமும் இவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பதில் சொன்ன வாய்க்குள்ளேயே அந்தக் கேள்வியும் இருந்திருக்கிறது. நான் போய் ஏறினேன்.

மேலே ஏறுவோம் என்று நினைத்திருந்தேன். ஏறுவதாகத் தோன்றவில்லை, தரைதான் எங்களை விட்டுவிட்டு இறங்கியது. புல் நாலா பக்கமும் படுத்தது. வேலி, வினோதா, வெள்ளைச் சட்டையோடு நின்ற அவர், எல்லாம் சாய்ந்துகொண்டே கீழே போயின. காதில் மாட்டிவிட்ட கருவிக்குள் சத்தம் அடங்கி, என் மூச்சு எனக்கே கேட்டது. நாற்பது வருசம் இந்த மலைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். என் முழங்காலுக்கு இவற்றின் ஒவ்வொரு படியும் தெரியும். ஆனாலும் நான் இவற்றைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பச்சைக் கம்பளம் என்று சுற்றுலாப் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். அப்படி இல்லை. தலை குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குச் சீப்புப் போட்டு வாரிவிட்ட மாதிரி, செடிவரிசைகள் ஒவ்வொரு மலையையும் சுற்றிச் சுற்றிப் படிந்திருந்தன. நாங்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் வகிடு மாதிரி வெளுத்துத் தெரிந்தன. காடு வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், கவாத்து வெட்டியவர்கள், கொழுந்து பறித்தவர்கள், பெயர் தெரியாமல் அதற்குள்ளேயே புதைந்தவர்கள், அத்தனை பேர் கைவேலையும் மலைக்குப் பின் மலையாகக் கண் எட்டும் வரை கிடந்தது. கீழே இருக்கும்போது ஒருவருக்கு ஒரு நிரை. அதற்கு மேல் நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. இத்தனையா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அது எல்லோர் காதிலும் கேட்டிருக்க வேண்டும். வெள்ளைக்காரர் கமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

தலவாக்கலைப் பக்கம் ரயில் ஒன்று மலையின் விலாவில் நகர்வது தெரியாமல் நகர்ந்தது. நீர்வீழ்ச்சிகள் சத்தமே இல்லாமல் விழுந்தன. எங்கள் நிழல் முன்னால் ஓடி, நான் கூடையோடு அரை நாள் ஏறுகிற சரிவில் மூச்சு வாங்காமல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு முகடு உண்டு. சின்ன வயதில் வானம் அதில் முட்டி நிற்கிறது என்று நம்பியிருக்கிறேன். அதற்கு மேலாகப் போனபோது அப்பால் இன்னொரு முகடு, அதற்கப்பால் இன்னொன்று, போகப் போக நீலமாகி, எல்லாவற்றுக்கும் பின்னால் சிவனொளிபாதமலை தனியாக நின்றது. அதன் அடியில் காசல்ரீத் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. பயம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது உடம்பு தானாக என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. பார்த்தால் இரண்டு கையும் கூப்பியிருந்தேன்.

ஃபெக்டரிக் கூரையை வைத்துத்தான் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து கண்ணைப் பாதை வழியாக நடத்திக்கொண்டு போனேன். கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளை மடுவம், கோயில், பாலம், பிறகு அது. மண்ணின் சிவப்பு எப்போதோ போயிருந்தது. புல்லும் காட்டுமரமும் வளர்ந்து மூடியிருந்தன. அவ்வளவு மலையும் வாரி முடித்திருக்க, அந்த ஓர் இடம் மட்டும் வாராமல் கிடந்தது. எவ்வளவு சின்னது. கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும். நான் வைக்கவில்லை.

இன்னும் ஒரு வட்டம் சுற்ற முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். ஏன் என்று விமானி கேட்டார். மகன் அங்கே இருக்கிறான் என்றேன். ஹெலிகாப்டர் சரிந்து, கொஞ்சம் தாழ்ந்து திரும்பியது.

வேலிக்கு அடுத்த எட்டாம் நம்பரில் முதலில் நிறங்கள் தெரிந்தன. சிவப்பு, மஞ்சள், நீலச் சாக்கு. பிறகு அவை நிமிர்ந்தன. ஒன்று இடது கையை இடுப்பில் வைத்து நின்றது. உலகத்தில் அப்படி நிற்பவள் நாகலெட்சுமி ஒருத்திதான். அவள் படங்கை அவிழ்த்து ஆட்டினாள். பிறகு மற்றவர்களும் ஆட்டினார்கள். எண்ணினேன், பதினொரு பேர். விரல் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. ஆனால் கை தெரிந்தது. யார் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டுகிறாள், யார் கூடையோடு ஆட்டுகிறாள், யார் ஆட்டாமல் நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்கிறாள் என்று எல்லாம் தெரிந்தது. கேட்டிருந்தால் பெயர் பெயராகச் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கும் தெரிந்திருக்கும். பதினைந்து பேரும்.

கையைத் தூக்கிக் கண்ணாடியில் தட்டினேன், உள்ளங்கையை ஒட்டி வைத்தேன், ஆட்டினேன். நாகலெட்சுமி பிறகு சொன்னாள், கீழேயிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு கண்ணாடி பளிச்சிட்டதே தவிர ஒன்றும் தெரியவில்லை, நான் உள்ளே இருந்தேனா என்றுகூடத் தெரியவில்லை என்று. மண்விளிம்பில் நின்ற அன்றைக்கு நானும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைத்தான் பார்த்தேன். அதற்குப் பின்னால் யாராவது கையைத் தூக்கியிருப்பார்களா என்று ஒன்பது வருசத்தில் ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை. எண்ணெய் காணாது, திரும்ப வேண்டும் என்றார் விமானி. எங்களாலும் இரண்டு வட்டம்தான் முடிந்தது.

இறங்கும்போது மைதானத்தில் நின்ற எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்தார்கள். புழுதியும் வெட்டிய புல்லும் சுழன்று பறந்தன. அவர் மட்டும் திரும்பவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி எங்களையே பார்த்து நின்றார். யாரோ கதவைத் திறந்து என்னைக் கைபிடித்து இறக்கினார்கள். தரை காலுக்கு ரொம்பக் கெட்டியாக இருந்தது. அவர் நின்ற இடம் வரை நடந்தேன். இடது கண் சிவந்து, தண்ணீர் தாரையாக வடிந்துகொண்டிருந்தது. துடைக்காமல் நின்றார்.

"ஆளுங்க தெரியுறாங்களா?" என்றார்.

"ஆடாம நில்லுங்க. கண்ணுல தூசி."

சேலைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்தேன். இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்தேன். வெண்மையில் ஒரு பச்சைப் புல்துணுக்கு ஒட்டியிருந்தது. மெதுவாக ஊதினேன். அசையவில்லை. மறுபடி ஊதினேன். மற்றக் கண்ணால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.